ஆங்கில எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஊர்கள்

ஒரு சொல்லை அதன் பொருளைக் கொண்டு தேடுவது ஒரு முறை. அதில் அமைந்த எழுத்துகளைக் கொண்டு தேடுவது மற்றொரு முறை. சில எழுத்துகளைக் கொடுத்து, அவை சேர்ந்து வருகின்ற ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பி ஆடுவதை நாம் பார்க்கிறோம். பொழுதுபோக்கு என்றே பெரியவர்கள் இதனை எண்ணுவர். ஆனால் இதே விளையாட்டை அகராதியின் மீது ஆடாமல், பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் ஆங்கில வரைபடத்தின் மீது ஆடிப் பார்த்தால், அது சரித்திர ஆராய்ச்சியாகவே மாறிவிடுகிறது.

எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் வித்தை தமிழுக்குப் புதியதன்று. திவாகரம், பிங்கலம் முதலிய பழைய நிகண்டுகள் பொருள் வகையால் சொற்களைத் தொகுத்தன. தெய்வப் பெயர் ஒருபுறம், மக்கட்பெயர் ஒருபுறம், விலங்கின் பெயர் ஒருபுறம் என அவை அமைந்திருந்தன. 1594-இல் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கும் புது வழியைக் காட்டிற்று. பின்னர் 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அமைத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அது நான்கு பகுதிகளை உடையது. இவற்றுள் தொடை என்னும் பகுதி எதுகை நோக்கி அமைந்தது. ஒத்த எழுத்துடைய சொற்களைப் புலவர் ஓரிடத்தில் காண உதவுவது. பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில் ஆடும் ஆட்டத்திற்கு நெருங்கிய உறவினன் என்று இப்பகுதியைச் சொல்லலாம்.

இனி எல்லைக்கு வருவோம். இப்பகுதியை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று ஒரே மாநிலத்தில் அமைந்துள்ள இந்நிலம், 1947-க்கு முன் மூன்று ஆட்சிகளில் பிரிந்து கிடந்தது. பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு மிக அருகில் உள்ள சித்தூர், கொச்சி அரசருக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைப்பகுதிகள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது இம்மூன்றும் ஒன்றாயின. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று தோன்றியது. ஆகவே தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கிய ஊர்ப்பெயர்களை, மூன்று அரசுகளின் எழுத்தர்களும், 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் என்னும் ஆங்கிலேய அதிகாரிகளும், பின்னர் வந்த தோட்டத் துரைமார்களும் தத்தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதினர். இருபத்தாறே எழுத்துகளுக்குள் நம் ஊர்கள் அடைக்கப்பட்ட கதை இதுவே.

முதலில் ஏ, ஆர் என்னும் இரண்டு எழுத்துகளில் முடியும் பெயர்களைத் தேடுவோம். பெரியாறு, முல்லையாறு, சின்னாறு, பாம்பாறு, மூணாறு, வாளையாறு, ஆழியாறு என்று அவை வரிசையாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இவை யாவும் 'யார்', 'ஆர்' என்றே முடிகின்றன. தமிழறியாதவர் இந்த முடிவை மரியாதைப் பன்மை என்று எண்ணினாலும் வியப்பில்லை. 'பெரியார்' என்றும் 'பெரியாறு' என்றும் நாம் பிரித்து எழுதுவதை ஆங்கிலம் ஒரே கோவையாகத்தான் எழுதுகிறது. ரகரத்திற்கும் றகரத்திற்கும் இடையே உள்ள வேற்றுமை அங்கே மறைந்துவிடுகிறது. ஆயினும் வரைபடத்தில் அந்த ஈரெழுத்தைக் கண்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு நீரோட்டம் இருக்கும் என்று துணியலாம். மூணாறு என்னும் ஊரே முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்ததால் அப்பெயர் பெற்றது.

இதனால் மட்டும் இவ்வூர்கள் தமிழ்ப்பெயர் கொண்டவை என்று முடிவு கட்டிவிடலாகாது. 'ஆறு' மலையாளத்திற்கும் உரிய சொல். கேரளத்தின் நடுப்பகுதியில் ஓடும் மீனச்சிலாறும் மணிமலையாறும் இதற்குச் சான்று. எழுத்துக்கோவை நமக்குக் காட்டுவது ஒரு குறிப்பே. அதனைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு.

அடுத்து இசட், எச் என்னும் இரண்டும் அடுத்தடுத்து வரும் பெயர்களைத் தேடுவோம். பாரதப்புழை, காயத்திரிப்புழை, கண்ணாடிப்புழை, தூதப்புழை, முதிரப்புழை எனப் புழைகள் திரண்டு வரும். மலையாளத்தில் ஆற்றைக் குறிக்கும் இச்சொல், பழந்தமிழில் துளை, சிறு வாயில் என்னும் பொருளில் வழங்கியது. இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஆனைமலையில் பிறந்து தமிழ்நாட்டு நிலத்தில் ஓடிவரும் ஆழியாறு, எல்லையைக் கடந்து சித்தூர்ப்புழையிற் கலக்கிறது. மேலே ஆறு, கீழே புழை. நீர் ஒன்றே, எழுத்துக்கோவைதான் வேறு. இந்நீரைப் பங்கிட்டுக்கொள்ள இரு மாநிலங்களும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கை 1970-இல் கையெழுத்தாயிற்று. அதன் பெயரிலேயே நம் ழகரம் அமைந்திருப்பதையும், ஆங்கிலத்தில் 'ஆழி' என்பது பெரும்பாலும் எல் என்னும் எழுத்தால் 'அலி' என்று எழுதப்படுவதையும் காணலாம்.

ழகரத்தின் சரித்திரமே தனிச் சுவையுடையது. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் இருந்து வழக்கொழிந்த இவ்வெழுத்து, தமிழிலும் மலையாளத்திலும் நிலைத்து நிற்கிறது. ஆங்கிலேயர் இதனை எத்தனை வகையாக எழுதினர் என்று பார்ப்போம். தமிழ் என்னும் நம் மொழியின் பெயரில் அது எல் ஆயிற்று. கோழிக்கோடு 'காலிகட்' ஆனபோதும் எல் ஆயிற்று. சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனபோது ஆர் ஆயிற்று. ஆலப்புழை 'ஆலப்பி' ஆனபோது இருந்த சுவடே இல்லாமற் போயிற்று. பின்னர் இசட், எச் என்னும் இணை வந்தது. ஓர் எழுத்து ஆங்கிலத்தில் நான்கு வழிகளிற் சிதறிக் கிடக்கிறது.

கோரமண்டல் என்னும் வடிவம் கடலையும் கடந்தது. அப்பெயர் பூண்ட ஆங்கிலக் கப்பல் ஒன்று 1820-இல் நியூசிலாந்தின் துறைமுகம் ஒன்றில் தங்கியது. அதனால் அங்குள்ள ஒரு தீபகற்பத்திற்கே கோரமண்டல் என்று பெயர் வழங்குகிறது. பூமியின் தென்கோடியில் ஒரு நிலத்துண்டு சோழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அதிலுள்ள எழுத்துகளைக் கொண்டு சோழரைத் தேடுபவர் கண்டுபிடிக்க முடியாது. எழுத்து மாறியதால் தடம் மறைந்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இசட்டும் எச்சும் இணைந்து வரும் சொற்கள் ஆங்கில அகராதியில் மிகச் சில. ருஷ்ய குடியானவனைக் குறிக்கும் 'முழிக்' போன்ற இரவற் சொற்களில் அவ்விணை வரும். அதன் ஒலி நம் ழகரமன்று, ஒருவகை ஜகரமே. 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்து முறையிலும் இவ்விணை உண்டு; அங்கே அதன் ஒலி வேறு. ஒரே இணை மூன்று தேசத்தாருக்கு மூன்று ஒலிகளைக் குறிக்கிறது. ஆங்கிலேயனுக்கோ அது எதனையும் குறிப்பதில்லை.

இதன் விளைவை வடநாட்டில் வாழும் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆங்கில வடிவத்தைப் பார்த்து இந்தியில் எழுதுவோர், அவ்விணையை ஜகரத்தின் அழுத்தமான வடிவமாகக் கொள்கின்றனர். கோழிக்கோடு இந்திச் செய்தித்தாள்களில் 'கோஜிக்கோடு' என்று ஒலிக்கும்படி அச்சாகிறது. 'மொழி' என்று முடியும் பெண்பெயர்கள் 'மோஜி' என்று முடிகின்றன. தேவநாகரியில் ளகரத்தின் கீழே புள்ளியிட்டு ழகரத்தைக் குறிக்கும் வடிவம் ஒன்று உண்டு. ஆயினும் அது ஏட்டளவில் நிற்கிறது. மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு, பிழை எங்கே நுழைந்தது என்பது நன்கு விளங்கும். தமிழிலிருந்து இந்திக்கு நேராகப் போகவேண்டிய பெயர், ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போனதே காரணம்.

வரைபடத்திற்குத் திரும்புவோம். பி, ஏ, டி, எச், ஒய் என்னும் ஐந்து எழுத்துகளில் முடியும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டால், 'சிம்பதி', 'டெலிபதி' என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். அவை கிரேக்க மொழியில் உணர்ச்சியையும் துன்பத்தையும் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்தவை. சித்தூர் வட்டத்தில் அதே ஐந்து எழுத்துகளில் முடியும் ஊர்கள் உள்ளன: எருத்தேம்பதி, வடகரைப்பதி. இங்கே 'பதி' என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். பாலக்காட்டு நகரத்தை ஒட்டித் தேர்த்திருவிழாவாற் புகழ்பெற்ற கல்பாத்தியும் ஆங்கிலத்தில் அதே ஐந்து எழுத்துகளிலேயே முடிகிறது. ஆனால் அது 'பதி' அன்று, 'பாத்தி'. குறிலும் நெடிலும், ஒற்றை எழுத்தும் இரட்டித்த எழுத்தும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. ஆங்கில வடிவத்தை மட்டும் நம்பி ஊர்ப்பெயர் ஆராய்பவர் இவ்விரண்டையும் ஒரே வகையிற் சேர்த்துவிடுவார்.

அதே வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையையும் கோழிக்கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் முதலெழுத்துக் குறில், பின்னதில் நெடில். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஐந்து எழுத்துகளில் தொடங்குகின்றன. நேரிற் கேட்டறியாத ஒருவர் கொழிஞ்சாம்பாறைக்குக் கோழியைக் கொண்டு கதை கட்டினால் தடுப்பார் யார்?

இடுக்கிப் பக்கம் செல்வோம். பீர்மேட்டின் பழைய ஆங்கில வடிவத்தைப் படித்தால், 'பிரபு' என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லும், 'செய்யப்பட்டது' என்னும் பொருளுடைய மற்றொன்றும் தெளிவாகத் தெரியும். பீர் முகம்மது என்னும் பெரியாரின் பெயரோடு இணைத்து வழங்கும் மேடு அது. 'மேடு' என்னும் நல்ல தமிழ்ச் சொல், எம், ஏ, டி, இ என்னும் நான்கு எழுத்துகளில் ஆங்கில வினைமுற்றாக வேடம் பூண்டது. தேனி மாவட்டத்திலிருந்து ஏறிவரும் பாதையிலுள்ள போடிமெட்டு அவ்வேடத்திற்குத் தப்பிற்று. மலையடிவாரத்துக் கம்பமோ, அகரத்திற்கு யு என்னும் எழுத்தையும் ககரத்திற்கு சி என்னும் எழுத்தையும் பெற்று, கே வரிசையில் தேடுவோர் கண்ணில் படாமல் நின்றது.

உடும்பன்சோலை என்னும் பெயரில் மற்றொரு மயக்கம். அதன் பின்பகுதியை ஆங்கிலத்தில் எழுதினால், சோழ மன்னரின் குலப்பெயரை எழுதும் அதே ஐந்து எழுத்துகள் வருகின்றன. ஆனால் அது சோலை. ஏலத்தோட்டங்களுக்கிடையே அடர்ந்த மலைக்காடு. இச்சோலை என்னும் சொல்லை ஆங்கிலத் தாவர நூலார் 'ஷோலா' என்று தம் மொழியிலேயே ஏற்றுக்கொண்டனர். தென்னாட்டு உயர்மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் வளரும் பசுங்காட்டுக்கு உலக அறிவியலில் அதுவே பெயர். 2003-இல் இடுக்கி மாவட்டத்தில் அமைக்கப்பட்ட ஆனைமுடி, பாம்பாடும்சோலை, மதிகெட்டான்சோலை ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களின் பெயரிலும் அச்சொல் அமைந்துள்ளது. ஒரே சொல், வரைபடத்தில் ஓரிடத்தில் அரசர் பெயர்போலவும், மற்றோரிடத்தில் காட்டின் பெயராகவும் காட்சியளிக்கிறது.

மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளின் கதையும் இவ்வகையதே. 1877-இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைகளைப் பெற்றார். தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் மலையேறினர். கண்ணனின் பெயரில் உள்ள இரட்டை ணகரம், தேயிலைப் பொட்டலத்தின் ஆங்கில வடிவத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நாடெங்கும் விற்பனையாகிறது.

இவற்றுள் மிகப் பெரிய மயக்கம் பாலக்காட்டின் பெயரிலேயே நேர்ந்தது. பாலை மரங்கள் நிறைந்த காடு என்பது அப்பெயருக்கு வழங்கும் விளக்கங்களுள் ஒன்று. ஆங்கிலேயர் அதனைப் 'பால்காட்' என்று ஜி, எச் சேர்த்து எழுதினர். அவ்வெழுத்துகள், மலைவழியைக் குறிக்கும் வடமொழி வழிவந்த 'காட்' என்னும் சொல்லை நினைவூட்டின. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து வழிவிடும் கணவாயில் அவ்வூர் அமைந்திருப்பதால், அத்தவறு பொருத்தம்போலவும் தோன்றியது. காடு, கணவாயாயிற்று.

1990-களின் தொடக்கத்தில் கேரள அரசு பாலக்காடு, கோழிக்கோடு, ஆலப்புழை முதலிய ஊர்களின் ஆங்கில வடிவங்களை மக்கள் வழக்கிற்கு ஏற்பத் திருத்தியது. பெயர்ப்பலகைகள் மாறின. ஆனால் நாம் வாங்கும் ரயில் பயணச்சீட்டைப் பாருங்கள். பாலக்காடு சந்திப்பின் குறியீடு பி, ஜி, டி. அதில் பழைய ஆங்கில வடிவத்தின் ஜி இன்றும் உயிரோடிருக்கிறது. கோழிக்கோட்டின் குறியீடு சி, எல், டி. சென்னைச் சென்ட்ரலின் குறியீடு எம், ஏ, எஸ். 1996-இல் பெயர் மாறிய பின்னும் 'மதராஸ்' அங்கே குடியிருக்கிறது. திருச்சிராப்பள்ளியின் டி, பி, ஜே என்னும் குறியீடு, 'டிரிச்சினாபோலி' என்று வெள்ளையர் அழைத்த காலத்தை நினைவூட்டுகிறது. கல்வெட்டில் பழைய எழுத்தைப் படிக்கும் ஆராய்ச்சியாளரைப் போல, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊர் திரும்பும் நம் குடும்பங்கள் அறியாமலே ஒரு சரித்திர ஏட்டைக் கையில் வைத்திருக்கின்றன.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்களும் உண்டு. ஊர்ப்பெயர்களை ஒழுங்காக எழுத வில்லியம் ஹன்டர் ஒரு முறையை வகுத்து, 1881-இல் வெளிவந்த இந்தியப் பேரரசின் விவரச்சுவடியில் அதனைப் பின்பற்றினார். எனினும் மிகவும் பழகிப்போன பெயர்கள் பழையபடியே விடப்பட்டன. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் அகராதி, ஒரே சொல்லை ஐரோப்பியர் எந்தெந்த ஆண்டில் எப்படியெல்லாம் எழுதினர் என்று மேற்கோள்களுடன் காட்டிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், எல் என்னும் எழுத்தின் கீழே கோடிட்டு ழகரத்தைக் குறித்தது. அறிஞர்களுக்கு அது ஏற்றதே. தட்டச்சுப் பொறியும் அரசாங்கப் படிவமும் அக்கோட்டை ஏற்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில வடிவங்களைத் தமிழ் உச்சரிப்பிற்கேற்ப மாற்ற அரசாணை வெளியாயிற்று. நீண்டு போன புது வடிவங்களைக் கண்டு மக்கள் பலவாறு விமரிசித்தனர். சில நாள்களுக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தை மாற்றுவது எளிது, அது நாவிலும் கண்ணிலும் படிவது அரிது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஊருக்கு நேர்ந்தது ஆளுக்கும் நேர்கிறது. அழகப்பன், எழிலரசி, குழலி, தமிழ்ச்செல்வி என்னும் பெயருடைய நம் பிள்ளைகள் பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவமும், குடும்ப அட்டையில் மற்றொரு வடிவமும், கடவுச்சீட்டில் மூன்றாவது வடிவமும் பெற்று நிற்கின்றனர். காகிதங்கள் யாவும் உண்மையானவை. ஆனால் எழுத்துகள் ஒவ்வாததால், இவை யாவும் ஒருவருக்கே உரியவை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுகிறது. மலைத்தோட்டத்தில் உழைத்த பாட்டனின் பெயரைப் பழைய ஏட்டில் தேடும் பேரன், எல் வரிசையில் காணாமல் திரும்பிவிடுகிறான். அப்பெயர் ஆர் வரிசையிலோ இசட் எழுத்தோடோ அமைந்திருக்கலாம்.

ஆகவே பழைய ஆவணங்களில் ஊரையோ முன்னோரையோ தேடும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள் பயன்படும். ழகரத்தை நான்கு வகையிலும் தேடுக. ககரத்தில் தொடங்கும் பெயரைக் கே வரிசையில் மட்டுமன்றி சி வரிசையிலும் பார்க்க. 'ஊர்' என்னும் ஈறு, தஞ்சாவூர், கோயம்புத்தூர் ஆகியவற்றின் பழைய வடிவங்களில் உள்ளதுபோல் 'ஓர்' என்றும் மாறியிருக்கும். றகரம் தனித்து வந்தால் ஆர், இரட்டித்து வந்தால் பெரும்பாலும் டி. அகரம் யு ஆகியிருக்கலாம். இவற்றைக் கொண்டு தேடினால், காணாமற்போன பெயர்களுள் பல கிடைத்துவிடும். பிள்ளைகளுக்குப் பெயரிடும்போதே ஓர் ஆங்கில வடிவத்தைத் தீர்மானித்து, எல்லா ஏடுகளிலும் அதனையே மாறாமல் வழங்குவது பின்வரும் தொல்லைகளைத் தடுக்கும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய பகுதிகள் எம்மாநிலத்திற்கு உரியவை என்று கடுமையான வாதம் நடந்த காலம் உண்டு. 1955-இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்புக் குழு, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தோடு சேர்க்கவே பரிந்துரைத்தது. அக்காலத்தில் ஊர்ப்பெயர்களும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. ஆனால் இப்பெயர்கள் உண்மையில் சொல்லும் சாட்சி வேறு. ஆறும் புழையும், பதியும் பாத்தியும், மேடும் சோலையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வாழ்ந்தன என்பதே அவை கூறும் செய்தி. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்த இடம் சித்தூர் என்பது மரபு. அவர் பெயரிலேயே எழுத்தும் இருக்கிறது, ழகரமும் இருக்கிறது. இரு மொழியாரும் அப்பெயரை ஒரே ஒலியோடு உச்சரிக்கின்றனர்.

ஆங்கில எழுத்து நமக்கு ஒரு வழித்துணை. அதன் பயனை மறுப்பதற்கில்லை. வெளிமாநிலத்தில் நம்மை ஊருக்கு அழைத்துச் செல்லும் பலகையும் சீட்டும் அதிலேயே உள்ளன. ஆனால் பெயரின் முழு வடிவம் அதிலே அடங்காது. ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில், வீட்டிலுள்ள ஒரு குறிப்பேட்டிலாவது, அதனைத் தமிழிலும் எழுதி வைப்போம். தில்லியிலோ மும்பையிலோ பிறந்து தமிழெழுத்தை அரைகுறையாகக் கற்ற பிள்ளையும், ஆழியாற்றில் அலி என்பவர் எவரும் இல்லை, ஆழமே உண்டு என்பதை அப்போது தானே படித்துத் தெரிந்துகொள்ளும்.